பதினேழாம் பக்கத்துக் கண்டெய்னர்

“கீழே நிற்கிறவனைப் பற்றி யாராவது யோசித்தீர்களா?”

ராகுலனின் முதல் கடிதம் இப்படித்தான் தொடங்கியது. வணக்கம் இல்லை, அன்புள்ள ஆசிரியருக்கு இல்லை. எடுத்த எடுப்பில் சண்டை.

சண்டைக்குக் காரணம் இரும்பி. ‘அலைப்படை’ என்ற சித்திரக்கதையில் வரும் ஐந்து பேரில் பலசாலி அவள்தான். பகலில் தெஹிவளையில் பல் வைத்தியர். ஊருக்கு ஆபத்து என்றால் வெள்ளை அங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவாள். இரண்டாவது இதழின் அட்டையில் அவள் நாற்பதடிக் கண்டெய்னர் ஒன்றை மூலையில் பிடித்து, ஒற்றைக் கையால், பரிமாறப் போகிற தட்டு மாதிரி உயர்த்திக்கொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பு வேறு.

கொட்டாஞ்சேனையில் பஸ்ஸுக்கு நின்ற ராகுலன், பக்கத்துப் புத்தகக் கடையில் தொங்கிய அந்த அட்டையைப் பார்த்தான். அவன் ஏற வேண்டிய பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. கடைக்காரர், “வாங்குறதா, இல்ல பாத்தே முடிக்கிறதா?” என்று கேட்ட பிறகுதான் அசைந்தான். வாங்கினான். அன்றைக்கே நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதினான். மூலையில் பிடித்தால் சுமை ஒரு பக்கம் சாயும். சாய்ந்தால் கதவுப் பூட்டு தெறிக்கும். முதலில் உள்ளே இருக்கிற சரக்கு வரும், பின்னால் கண்டெய்னர் வரும். இரும்பிக்கு ஒரு கீறலும் விழாது. சரி. கீழே நிற்கிறவனுக்கு?

கீழே நின்ற ஒருவனை ராகுலனுக்குத் தெரியும். பெயர் ஸாலிஹ்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒருகொடவத்தையில் ஒரு கண்டெய்னர் யார்டில் ராகுலன் சிக்னல்காரனாக இருந்தான். கிரேனின் கூண்டுக்குள் இருப்பவனுக்குத் தரை முழுவதும் தெரியாது. தரையில் நிற்கிறவனின் கைதான் அவனுக்குக் கண். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நிறுத்து. பன்னிரண்டு வருடங்கள் வாயைத் திறக்காமல் கையாலேயே பேசியவன். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், அவன் கை காட்டிய பிறகு, கண்டெய்னர் ஒன்று போகக் கூடாத பக்கம் போய், அடுக்கில் இடித்துச் சறுக்கி இறங்கியது. கீழே சங்கிலி மாட்டிக்கொண்டிருந்த ஸாலிஹுக்கு வலது கால் முழங்காலோடு போய்விட்டது.

விசாரணை வைத்தார்கள். யார்டின் கமெராவை ஒரு தூண் மறைத்திருந்தது. கூண்டில் இருந்த பாயிஸ், “அவன் காட்டின பக்கந்தான் திருப்பினேன்” என்றான். எந்தப் பக்கம் காட்டினாய் என்று ராகுலனைக் கேட்டார்கள். “ஞாபகம் இல்லீங்க” என்றான். கடைசியில் யார் பிழை என்று நிரூபிக்க முடியவில்லை என ஒரு தாளில் எழுதிவிட்டு, இருவரையும் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

ஞாபகம் இல்லை என்றது பொய். அந்தப் பொய்யை அவன் இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

இப்போது கொட்டாஞ்சேனையில் பலீல் ஹாஜியாரின் ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிறான். யாரோடும் ஒட்டுவதில்லை. ஒட்டினால் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால், முந்தி எங்கே வேலை செய்தீர்கள் என்பதில் வந்து நிற்கும். அப்படிப்பட்ட மனிதன்தான் முன்பின் தெரியாத ஒரு சித்திரக்கதைக் குழுவுக்கு ஏழு கடிதங்கள் எழுதினான். ஏழாவதற்குப் பதில் வந்தது.

“உங்கட கடிதங்கள் எங்கட கதையைவிட நல்லா இருக்கு. சனிக்கிழமை வந்து எப்பிடித் தூக்கவேணும் எண்டு காட்டுங்கோ. சுகிர்தன்.”

காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில், போட்டோகொப்பிக் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. மூன்று பேர். கதை எழுதும் சுகிர்தன், நாற்பதைத் தாண்டியவர், வார நாட்களில் காப்புறுதி அலுவலகத்தில் வேலை. படம் வரையும் நுஹாவுக்கு இருபத்தாறு வயது. விரல் நுனியெல்லாம் மை. வண்ணம் கொடுப்பதும் எழுத்துப் பதிப்பதும் கொம்பியூட்டரில் பக்கம் கட்டுவதும் நிருஷா.

“நீங்கதானா அந்த ஏழு காயிதம்?” நுஹா அவனை மேலும் கீழும் பார்த்தாள். “எழுவது வயசு பென்சன்காரர் ஒராள் வருவாருண்டு நெனச்சேன்.”

“நானும்” என்றாள் நிருஷா. “கையில குடையோட.”

ராகுலன் மேசையில் இருந்த பிஸ்கட் டின்னுக்குள் பென்சில்களை நிரப்பினான். மூலையில் ஒரு நூலைக் கட்டித் தூக்கினான். டின் சாய்ந்தது, மூடி கழன்றது, இருபது பென்சில்களும் நுஹா அன்று காலை முழுக்க வரைந்திருந்த பக்கத்தின் மேல் கொட்டின.

சுகிர்தன் வெடித்துச் சிரித்தார். நுஹா சிரிக்கவில்லை.

“இது கதை அண்ணா. அவ ஆகாசத்துல பறக்கிறா. அதுக்கு ஒங்களுக்குக் கோவம் வரல்ல. கண்டெய்னர் சாயுறதுக்கு மட்டும் வருது?”

“பறக்கிறதைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. தூக்குறது தெரியும்.”

அந்தப் பதில் சுகிர்தனுக்குப் பிடித்துப்போய்விட்டது. அடுத்த சனிக்கிழமையும் வரச் சொன்னார்.

அப்படித்தான் ஐந்து மாதங்கள் ஓடின. ராகுலனுக்கு வரையத் தெரியாது, எழுதத் தெரியாது. நுஹாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பான். “இது விழும்” என்பான். அவ்வளவுதான் அவன் வேலை. இரும்பி ஒரு பெற்றோல் பவுசர் லொறியைத் தூக்கினால், “காலை இன்னும் அகட்டி வைக்கச் சொல்லுங்க, விழும்” என்பான். முதல் மாதம் நுஹா பல்லைக் கடித்தாள். இரண்டாம் மாதம் அவள் வரைந்த பாரங்கள் உண்மையாகவே கனக்கத் தொடங்கின. இரும்பியின் கழுத்து நரம்பு தெரிந்தது, அவள் காலடியில் தார் பிளந்தது. வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள். மூன்றாம் மாதம் படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே, “விழும் அண்ணா வந்துட்டார், எல்லாத்தையும் கெட்டியாப் பிடிங்க” என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அந்தப் பட்டப்பெயர் அவனுக்குப் பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒழுங்கையின் முடிவில் கரையோர ரயில் பாதை. ரயில் வரும்போது மேசை நடுங்கும், கோடு நெளியும். அதனால் ஹோன் சத்தம் கேட்டதும் நுஹா பேனாவைத் தாளிலிருந்து உயர்த்திப் பிடிப்பாள். மற்றவர்களும் செய்வதை விட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள். இருபது விநாடி. யாரும் அவனிடம் எதுவும் கேட்காத, அவனும் எதையும் மறைக்கத் தேவையில்லாத இருபது விநாடி. கொழும்பில் அவனுக்கு வாய்த்த நல்ல நேரமெல்லாம் அதற்குள் அடங்கும்.

அவர்களுக்கு அவன் யார்டில் வேலை செய்தவன் என்று தெரியும். ஏன் விட்டான் என்று தெரியாது. தெரிந்தால் என்னாகும் என்று அவன் பல தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான். பாரத்தைப் பற்றிச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்பார்கள். கேட்டால் பதில் இல்லை. படி இறங்க வேண்டியதுதான்.

இந்த நிலையில்தான் சுகிர்தன் ஏழாவது இதழைப் புத்தகக் கண்காட்சிக்காக எழுதினார். “உங்களாலதான் இந்தக் கதை, ராகுலன்” என்று மகிழ்ச்சியோடு விரித்துச் சொன்னார். கண்டெய்னர் யார்ட். வில்லன் கிரேனை உடைத்துவிடுகிறான். தொங்கும் கண்டெய்னரை இரும்பி தாங்கிப் பிடிக்கிறாள். ஆனால் புகையில் அவளுக்குத் தரை தெரியவில்லை. சக்தி எதுவும் இல்லாத ஒரு சாதாரண சிக்னல்காரன் புகைக்குள் வந்து நின்று, எந்தப் பக்கம் இறக்குவது என்று கையால் காட்டுகிறான். பதினாறாம் பக்கத்தில் அகலமான படம்: வலது பக்கம் தொழிலாளர்கள் ஒடுங்கி நிற்கிறார்கள், இடது பக்கம் வெறும் தரை. பதினேழாம் பக்கம் முழுக்க ஒரே படம்: சிக்னல்காரன், இடது பக்கம் நீட்டிய கை.

“நில்லுங்க, ஒங்கட கையத்தான் வரையப் போறேன்” என்றாள் நுஹா.

ராகுலன் நின்றான். மூன்று வருடங்களுக்குப் பிறகு அந்தக் கையை நீட்டினான். தோள் வலித்தது. ஆனாலும் நீட்டிக்கொண்டே நின்றான், அவள் போதும் என்று சொல்லும்வரை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நிருஷா முழு இதழையும் போனுக்கு அனுப்பியிருந்தாள். ‘இண்டைக்கு பிரஸ்ஸுக்குப் போகுது. ஒருக்கா பாருங்கோ, ஏதும் விழுதா எண்டு.’ கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

ராகுலன் அதைத் திறந்தபோது பதினொன்றரை. கடையில் ஒருவர் கதவுப் பிணைச்சல் கேட்டு நின்றார். ராகுலன் ஒரு கையால் பிணைச்சலை எடுத்துக்கொண்டே மறுகையால் பக்கங்களைத் தள்ளினான். பதினாறு. பதினேழு.

பிணைச்சல் கையிலிருந்து நழுவியது.

சிக்னல்காரனின் கை வலது பக்கம் நீண்டிருந்தது. தொழிலாளர்கள் நிற்கிற பக்கம். ராகுலனின் முகம், ராகுலனின் தோள், ராகுலனின் விரல். அத்தனையும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருந்தது. இவ்வளவு உறுதியாக, இவ்வளவு அழகாக, இரும்பியிடம் அவன் சொல்லிக்கொண்டிருந்தான்: அவர்கள் தலையில் இறக்கு.

“ஹாஜியார், ரெண்டு மணித்தியாலம் லீவு வேணுங்க.”

பலீல் ஹாஜியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “என்ன விஷயம்?”

“ஒருத்தன் பிழையான பக்கம் கை காட்டுறானுங்க.”

“யாரு?”

“நான்தாங்க.”

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார். “போயிட்டு வாங்க. அப்படியே ஒரு டொக்டரையும் காட்டிட்டு வாங்க.”

புறக்கோட்டையில் பஸ் மாறி, காலி வீதியின் நெரிசலில் ஊர்ந்து, வெள்ளவத்தையில் இறங்கி ஓடினான். படியேறும்போது வழக்கமான கேலிக்குரல் வந்தது. அவன் காதில் விழவில்லை.

“பதினேழை நிப்பாட்டுங்க.”

நிருஷா நாற்காலியைத் திருப்பினாள். “என்ன அண்ணா? பிரஸ் இப்ப ஜும்மாத் தொழுகைக்குப் பூட்டிக் கிடக்குது. ரெண்டரைக்குத் திறந்த உடன மெஷின்ல ஏத்திடுவினம். அதுக்கிடையில நான் அனுப்பவேணும்.”

“கை மாறிப் போச்சுங்க. பதினாறைப் பாருங்க. ஆளுங்க நிக்கிற பக்கம் காட்டுறான்.”

நுஹா எட்டிப் பார்த்தாள். முகத்தில் கொஞ்சம் நிம்மதி வந்தது. “ஓ, இதா. நான்தான் திருப்பச் சொன்னேன். புத்தகத்தை விரிச்சா பதினேழு வலது கைப் பக்கம். அதில கை இடது பக்கம் நீட்டினா வாசிக்கிறவர்ட கண் பின்னுக்குப் போயிரும், தாளைத் திருப்ப மனசு வராது. அதால கண்ணாடி மாதிரித் திருப்பிட்டோம். படம் வரையுற எல்லாரும் செய்ற வேலதான் இது.”

“ஆனா பக்கம் மாறுதுங்களே.”

“அண்ணா, மூணு நாளா நான் சரியாத் தூங்கல்ல. ஆயிரம் பேர் வாசிப்பாங்க. அதுல ஒராள் பதினாறையும் பதினேழையும் வெச்சு அளந்து பாப்பாரா?”

“பாத்தா மூணு பேருக்குத் தெரியும்.”

“எந்த மூணு பேர்?”

ராகுலன் வாயைத் திறந்தான். பெயர்கள் அவனைக் கேட்காமலே வந்துவிட்டன. “நான். பாயிஸ். ஸாலிஹ்.”

“அது ஆரு?” என்றார் சுகிர்தன். அன்று அலுவலகத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு மூலையில் இருந்து பிழை திருத்திக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பழைய கூட்டாளிகள் என்று சொன்னால் போதும். ராகுலன் திரையைப் பார்த்தான். அங்கே அவனுடைய கை நீண்டுகொண்டே இருந்தது.

சொன்னான். யார்டை, செவ்வாய்க்கிழமையை, தூணை, ஸாலிஹின் காலை. நின்றுகொண்டே, யாருடைய முகத்தையும் பார்க்காமல் சொன்னான்.

“பின்னாலேருந்து யாரோ டீ வந்திருச்சுன்னு கூப்பிட்டாங்க. திரும்பிப் பாத்துட்டு மறுபடி திரும்பினேன். முன்ன நின்ன மாதிரி நிக்கல, மத்தப் பக்கம் பாத்து நின்னுட்டேன். கை பழக்கத்துல மேல போயிருச்சு. போன பிறகுதாங்க சந்தேகம் வந்துச்சு. ஒரு செக்கன். அந்த ஒரு செக்கன்ல கையை மாத்தியிருக்கலாம். பன்னெண்டு வருஷமா ஒரு நாளும் பிழையாக் காட்டினதில்ல. அதனால சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

“விசாரணையில என்ன சொன்னீங்கள்?”

“ஞாபகம் இல்லைன்னு.”

“ஞாபகம் இருந்ததோ?”

“இருந்துச்சு.”

“அப்ப கிரேன்ல இருந்தவர்?”

“பாயிஸ். அவனையும் அனுப்பிட்டாங்க. பிறகு வேற எந்த யார்டும் அவனை எடுக்கல.”

சுகிர்தன் கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடினார். நிருஷா திரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. முன்னால் தாளே இல்லாவிட்டாலும் நுஹா பழக்கத்தில் பேனாவை உயர்த்திப் பிடித்தாள். மேசை நடுங்கியது. ராகுலன் இருபது விநாடியையும் எண்ணினான். முடிந்ததும் வாசல் பக்கம் திரும்பினான்.

“எங்க போறீங்க?” நுஹாவின் குரல்.

“இல்லீங்க… நான்…”

“பதினேழை யாரு சரி பண்ற? பக்கம் பிழைண்டு வந்து கத்திட்டு நீங்க போயிட்டா?”

“நுஹா, பொறு” என்றார் சுகிர்தன். “இது சின்ன விஷயமில்ல.”

“சின்ன விஷயம்ண்டு யாரு சொன்ன? எனக்கும் கேக்க நெறைய ஈக்கு. ஆனா மணி பன்னெண்டே முக்கால். அவர் நிக்கட்டும், நான் வரையுறேன். கேக்க ஈக்குறதை நிக்க வெச்சே கேளுங்க.” அவள் புதுத் தாள் ஒன்றை மேசையில் அறைந்து ஒட்டினாள். “சொல்லுங்க அண்ணா. கை இடது பக்கம் நீட்டினா என்ட பக்கம் செத்துப் போகுது. வலது பக்கம் நீட்டினா ஆக்கள் செத்துப் போறாங்க. என்ன செய்ற?”

ராகுலன் திரையில் இருந்த புகையைப் பார்த்தான்.

“புகைக்குள்ள ஓடி வர்றான். எந்தப் பக்கம் நிக்கிறோம்னு அவனுக்கே உடனே தெரியாது. தெரியாதப்போ பக்கம் காட்டக் கூடாதுங்க. முதல்ல நிறுத்தணும்.”

“நிறுத்துறது எப்படி?”

அவன் இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்கு விரித்தான். உள்ளங்கை கீழே பார்த்தபடி. அந்த யார்டில் அன்று அவன் விரிக்காத கைகள்.

நுஹா ஆட்காட்டி விரலால் காற்றில் ஒரு சதுரம் போட்டுப் பார்த்தாள். “சுகிர்தன் அண்ணா, இது நல்லா ஈக்கு. அவ கண்டெய்னரைத் தலைக்கு மேல பிடிச்சிட்டு நிக்கிறா. இவன் நில்லுண்டு சொல்றான். பக்கம் முடிஞ்சு. என்ன நடக்கப் போகுதுண்டு தாளைத் திருப்பாம யாராலயும் ஏலா.”

சுகிர்தன் எழுந்து வந்து ராகுலனுக்கு எதிரே நின்றார். ராகுலன் விரித்த கைகளோடு நின்றான். இறக்கினால் நுஹா திட்டுவாள்.

“பாயிஸுக்கு இதைச் சொன்னீங்களோ?”

“இல்லீங்க.”

“ஸாலிஹுக்கு?”

“இல்ல.”

“மூண்டு வருசமா ஒருத்தருக்கும் சொல்லாததை எங்களுக்கு ஏன் சொன்னீங்கள்?”

ராகுலன் இறங்கப் பார்த்த கைகளை மறுபடி தோள் உயரத்துக்கு உயர்த்தினான்.

“நான் விழும்னா நீங்க அழிச்சிட்டு வேற வரையுறீங்க. ஏன் எதுக்குன்னு கேக்கிறதில்ல. அப்படி நம்பி அழிக்கிறவங்களுக்கு, சொல்றவன் யாருன்னு தெரிஞ்சிருக்கணும் இல்லீங்களா?”

சுகிர்தன் தன் மூலைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். பதினேழாம் பக்கத்தில் சிக்னல்காரனுக்கு அவர் எழுதி வைத்திருந்த மூன்று பேச்சுக் குமிழ்களையும் ஒவ்வொன்றாக அடித்தார். பதினெட்டாம் பக்கத்தின் முதல் படத்துக்கு மேலே, ‘சுற்றிப் பார்க்கிறான். பிறகு காட்டுகிறான்’ என்று குறிப்பு எழுதினார்.

“கை நடுங்குதுங்க” என்றான் ராகுலன். “கொஞ்சம் இறக்கவா?”

“வேணாம். நடுங்கட்டும்” என்றாள் நுஹா, தலை நிமிராமல். “எனக்கு அந்தக் கைதான் வேணும்.”

பிறகு வேலைப் பேச்சு மட்டும்தான். நுஹா கோட்டைப் போடப் போட நிருஷா பக்கத்திலேயே நின்று, மை காய்வதற்கு முன்பே போனால் படம் பிடித்துக் கொம்பியூட்டருக்குக் கொண்டுபோனாள். “முகத்தை நான் பார்க்கிறன், நீ புகையைப் போடு”, “அந்த நீலம் வேண்டாம்”, “நேரம் என்ன?”, “கேக்காத.” பதினெட்டின் முதல் படத்துக்கு மறுபடி நின்றான். இந்தத் தடவை கை இடது பக்கம். அது தாளைத் திருப்பியதும் வரும் இடது கைப் பக்கம் என்பதால் படம் முடிகிற இடத்தில் நுஹாவுக்கு ஒரு கஷ்டமும் வரவில்லை. அவன் இரண்டு தடவை தலையைத் திருப்பிச் சரிபார்த்த பிறகே நீட்டினான்.

இரண்டு மணி இருபதுக்கு நிருஷா அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். “போச்சுது. இனி விழுந்தாலும் எழும்பினாலும் ஒண்டும் செய்யேலாது.”

யாரும் சிரிக்கவில்லை. ராகுலன் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றான். வேலை முடிந்துவிட்டது. இனி மற்றது: அவர்கள் என்ன சொல்வார்கள் என்பது.

சுகிர்தன் கீழே போய் நான்கு பிளேன்டீ வாங்கி வந்தார். அவனுக்கும் ஒன்றைக் கொடுத்தார். தன் கோப்பையைக் குடித்து முடித்தார்.

“நீங்கள் இஞ்ச வரவேண்டாம் எண்டு நான் சொல்லப் போறதில்ல” என்றார் பிறகு. “இவை ரெண்டு பேரும் சொல்லமாட்டினம். ஆனா அந்தப் பாயிஸ் எண்ட மனுசன் மூண்டு வருசமா என்ன நினைச்சுக்கொண்டு இருப்பார்? எனக்கு அதுதான் யோசனையாக் கிடக்கு. நம்பர் இருக்கோ?”

“இருக்குங்க.”

“மாத்தியிருப்பாரோ?”

“இல்ல. அப்பப்போ எடுத்துப் பாப்பேன். போன்ல அவன் போடுற படம் மாறும்.”

சொல்லிவிட்டு ராகுலன் போனை வெளியே எடுத்தான். வாசலைப் பார்த்தான். “வெளிய போய்ப் பேசிட்டு வாறேன்.”

“இங்கயே கதைங்க” என்றாள் நுஹா. “படியில கதைச்சா பாதியிலேயே எறங்கிப் போயிருவீங்க.”

மணி நான்கு தடவை அடித்தது.

“யாரு?” பாயிஸின் குரல் எப்போதும் பெரிது, கூண்டுக்குள்ளிருந்து கத்திப் பழகிய குரல். அறை முழுவதற்கும் கேட்டது.

“ராகுலன்.”

மறுமுனையில் லொறி ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு கடந்து போனது. பாயிஸ் துண்டிக்கவில்லை. ராகுலன் ஒரே மூச்சில் சொன்னான். பிழையான பக்கம் காட்டியது நான். எனக்கு அன்றைக்கே தெரியும். ஞாபகம் இல்லை என்றது பொய். உன் கண்ணில் பிழை இல்லை.

பாயிஸ் பேசினான். கத்தவில்லை; அது இன்னும் மோசமாக இருந்தது.

“நான் கண் டொக்டர்கிட்டப் போனேன்டா. தெரியுமா? ரெண்டு டொக்டர். என்ட கண்ணு ஒன்ட கையைப் பிழையாப் பாத்திச்சோண்டு. கண்ணுல ஒண்டும் இல்லண்டு சொன்னாங்க. நான் அவங்களையும் நம்பல்ல.”

“பாயிஸ்…”

“வாயை மூடு.” இப்போது கத்தினான். அதன் பிறகு வந்தவற்றை இங்கே எழுத முடியாது. நிருஷா காதைப் பொத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் வெற்றுக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ராகுலன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும், “சரி”, “சரி” என்றான். பாயிஸுக்கு மூச்சு வாங்கியது.

“எங்க நிக்கிற இப்ப?”

“வெள்ளவத்தையில.”

“தனியாவா?”

ராகுலன் நிமிர்ந்தான். நுஹா விரல்களில் இருந்த மையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். சுகிர்தன் ஜன்னலில் சாய்ந்திருந்தார். யாரும் அறையை விட்டுப் போகவில்லை.

“இல்ல. நாலு பேரா இருக்கோம்.”

“ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு கொலன்னாவைக்கு வா. ஸாலிஹ்ட வீட்டு வாசல்ல நான் நிப்பேன். எனக்குச் சொன்ன மாதிரி அவனுக்கும் நீயே சொல்லணும். அவன் என்ன செய்வானோ எனக்குத் தெரியாது. நான் தடுக்க மாட்டேன்.”

“வாறேன்.”

போன் அணைந்தது. ராகுலன் அதை மேசையில் வைத்தான். விரல்கள் மடங்கியபடியே இருந்தன. பிரித்தெடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“கொலன்னாவைக்கு ஒன்பதுக்கு வெளிக்கிட்டாக் காணும்” என்றார் சுகிர்தன். “கொட்டாஞ்சேனைக்கு வந்து ஏத்துறன். என்ர மோட்டார் சைக்கிள்ல போவம்.”

“நீங்க எதுக்குங்க?”

“சந்தி வரைக்கும் வந்திட்டுத் திரும்பிப் போற ஆள் நீங்கள். ஏழு கடிதம் எழுதிப்போட்டு, ஒண்டிலையும் திரும்பி எழுத விலாசம் போடாத ஆளெல்லோ? கடித உறையில இருந்த ஹார்ட்வெயார் கடை முத்திரையை வச்சுத்தான் நான் உங்களைப் பிடிச்சது.”

ராகுலனுக்கு அது அன்றுதான் தெரிந்தது. கடை உறையை எடுத்ததற்கு ஹாஜியார் என்ன சொல்வாரோ என்ற வேண்டாத கவலை ஒன்று வந்து போனது.

“ஞாயிறு போறீங்கண்டு சனிக்கிழம லீவு எடுக்க ஏலா” என்றாள் நுஹா. அவள் அடுத்த இதழின் கொப்பியை ஏற்கெனவே விரித்துவிட்டிருந்தாள். “எட்டாவதுல இரும்பி பாலம் தூக்கப் போறா.”

“எந்தப் பாலங்க?”

“களனிப் பாலம்.”

ராகுலன் கொப்பியை எட்டிப் பார்த்தான்.

“முழுசாவா?” என்று கேட்டான்.